பின் சீட்டில் ஒரு சாக்கு அரிசி

அன்று ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மைதீன் பாய். அவருக்கு இடது பக்கம் அவர் மனைவி கதீஜா அம்மா. பின்னால் இடது பெஞ்சில் மகள் நூர்ஜகான். அவளுக்கு எதிரே, தோட்டத்தில் வேலை பார்க்கும் கோயில்பிச்சை. கோயில்பிச்சைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு அரிசி.

வண்டிக்கு வெளியே எங்கள் முதலாளி. பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் குத்தவைத்து நான்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகள், வண்டியை உயர்த்துவது பற்றி எழுதச் சொன்னீர்கள். எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது எல்லாம் பெட்டியில் வருகிறது, தாளில் படமும் போட்டிருக்கிறான். தாளில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும். அது இந்த ஜீப்பின் கதை.

தொண்ணூறுகளில் நான் பேட்டை ரோட்டில் ஒரு ஸ்பிரிங் ஷெட்டில் இருந்தேன். லாரிப் பட்டை, பஸ் பட்டை, ஜீப் பட்டை என்று வண்டிக் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் எல்லாம் அங்கே வரும். முதலாளி அதிகம் பேச மாட்டார். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்று, வண்டியை உயர்த்தும் முன் அதில் ஏறப்போகிறவர்கள் எல்லாரும் வந்து உட்கார வேண்டும். காலி வண்டியை வைத்து அளவு எடுக்க விடமாட்டார். இரண்டு, அளவு எடுப்பவன் அதை எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதுக்குக் காரணம் உண்டு. நான் சேருவதற்கு முன்பு, அவசரப்பட்ட ஒரு லாரிக்காரருக்காக ஒருவன் அளவைக் கூட்டிச் சொல்லிவிட்டான். வண்டிக்குக் கீழே படுத்திருந்தவன் அந்த அளவை நம்பிக் கையை உள்ளே விட்டான். அவன் கட்டை விரலைப் பிறகு எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஷெட்டில் யாருக்காகவும் அளவைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

மைதீன் பாய்க்கு டவுணில் எலுமிச்சை மண்டி. விக்கிரமசிங்கபுரம் தாண்டி மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம். ஜீப் பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த பழைய வண்டி. காய் மூட்டையெல்லாம் டிராக்டரில் வந்துவிடும். ஜீப் வீட்டு ஆட்களுக்கு. ஒரு மழையில் தோட்டத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஓடை பாதையை ஆழமாக அறுத்துவிட்டது. ஜீப்பின் வயிறு கல்லில் இடித்தது. பாய் யாரையும் கேட்காமல் பெரிய டயராக ஐந்து வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். மாட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்னால் மட்கார்டில் உரசுகிறது, பின்னால் ஆள் ஏறினால் பாடியில் உரசுகிறது.

"தூக்கிரும் வே," என்றார் பாய். "மூணு இஞ்சு, நாலு இஞ்சு, எவ்ளோ முடியுதோ அவ்ளோ தூக்கும்."

"நெல்லையப்பர் தேரா ஓட்டப் போறீரு?" என்றார் முதலாளி. "ரெண்டரை போதும். அதுக்கு மேல போனா சாஞ்ச பாதையில கவுந்து கெடப்பீரு. நாளைக்கு வண்டியில ஏறுத ஆளு அத்தன பேரையும் கூட்டிட்டு வாரும்."

"பொம்பளையாளு எதுக்குவே ஷெட்டுக்கு?"

"அவங்க வண்டியில வரமாட்டாவளா?"

"வருவா."

"அப்ப இங்கயும் வரணும்."

மறுநாள் காலையில் வந்தார்கள். நான்கு பேரும் ஏறினார்கள். முதலாளி பெஞ்சைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு ஆளு உண்டும்," என்றார் கதீஜா அம்மா.

"யாரு தாயி?"

"எம் மவன் சாகுல்."

பாய் திரும்பினார். "அவன் சவுதியில இருக்கான். போயி ரெண்டு வருசமாச்சு. அவன எங்கன கூட்டியாறது?"

"வருவாம்லா. வந்தா தோட்டத்துக்கு நடந்தா போவான்?"

பாய் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு ஆள் கனம் பெரிது இல்லை என்று நினைக்கலாம். ஆனால் அந்தப் பெரிய டயருக்கும் பாடிக்கும் நடுவில் மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். மகனை விட்டு அளந்தால், அவன் ஏறிய அன்று மலைப்பாதை வளைவில் டயர் உரசும். மகனைச் சேர்த்து அளந்தால், அவன் இல்லாத நாளெல்லாம் வண்டியின் பின்பக்கம் துள்ளும். இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

"சேத்தே போடுவோம்," என்றார் முதலாளி. "அவன் வார வரைக்கும் அவன் கனத்துக்கு ஒரு மூட்டைய அந்த இடத்துல வைக்கணும். எந்நேரமும் இருக்கணும். சரியா? ஆளு எவ்வளவு கனம் இருப்பான்?"

பாய்க்குத் தெரியவில்லை. கோயில்பிச்சை சொன்னார்: "பொறப்படுத அன்னைக்கு மண்டி தராசுல ஏத்தி நிறுத்தேன் அண்ணாச்சி. வெளையாட்டுக்குத்தான். அறுவத்தெட்டு கிலோ."

கனத்துக்கு நாங்கள் ஆற்று மணலைத்தான் வைப்போம். ஷெட் ஓரத்தில் எப்போதும் குவிந்து கிடக்கும். நான் சாக்கில் அள்ளி, நிறுத்து, தூக்கிக்கொண்டு வந்தேன். கதீஜா அம்மா பார்த்தார்.

"என்னது தம்பி அது?"

"மணலும்மா."

அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். முழங்கால் வலிக்காரர், இறங்கியது சிரமப்பட்டுத்தான். "மண்ணள்ளிப் போட்டா எம் புள்ளைக்கு இடம் புடிக்கியீய?"

அவர்கள் வழக்கத்தில், அடக்கம் செய்யும்போது கூட வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண் அள்ளிப் போடுவார்கள். அது எனக்கும் தெரியும். சாக்கில் அள்ளும்போது தோன்றவில்லை.

"மண்ணுன்னா என்ன, கல்லுன்னா என்ன, கனம் கனம்தான?" என்றார் பாய்.

"நீரு சும்மா இரும் பாய்," என்றார் முதலாளி. என்னிடம், "ஏலே, அத அவுத்துக் கொட்டு. கடைக்குப் போயி அரிசி வாங்கிட்டு வா. புழுங்கலரிசி."

அப்படித்தான் அரிசி வந்தது. அம்மா மறுபடியும் ஏறினார். சாக்கு கோயில்பிச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பிறகு அளவு. ஜீப்பின் வலது பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தோம். பாடியின் கீழ் விளிம்புக்கு நேராகச் சுவரில் கோடு போடுவோம். கோடு போடும் முன் பம்பரைப் பிடித்து நன்றாக அமுக்கி ஆட்டி விட வேண்டும். அடுக்கிய பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஆட்டினால்தான் வண்டி அதன் கனத்துக்கு உட்காரும். தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டாமல் எடுத்த அளவு அளவே இல்லை.

ஆட்டினேன். சாக்கோடு ஒரு கோடு, சாக்கை இறக்கி மறுபடியும் ஆட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தேன். "நாலரை நூல்!" என்று கத்தினேன்.

"நூலுன்னா?" என்று முன் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்.

"ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, தாயி," என்றார் முதலாளி. "ஒம்ம வண்டிக்கு ஒரு நூலுன்னா பதினஞ்சு கிலோ."

அந்த அம்மா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உதடு அசைந்தது.

வேலை முடிந்து முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போனேன். உயர்த்திய வண்டியை ஓடவிட்டுப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது என்பது முதலாளி கணக்கு. பாபநாசம் பக்கம் மலை கறுத்துக் கிடந்தது. மேலே மழை பெய்திருக்க வேண்டும். ஓடைக்கு வந்தபோது தண்ணீர் சிவந்து ஓடியது. தொடை அளவு இருக்கும். பாய் நிற்கவில்லை. புது உயரம் தந்த தைரியம். இறக்கிவிட்டார்.

நடு ஓடையில் பின் இடது சக்கரம் குழியில் இறங்கித் தொங்கியது. முன் சக்கரம் ஒன்று பாசிக் கல்லில் வழுக்கியது. எவ்வளவு முடுக்கினாலும் அந்த இரண்டும் சுற்றுகின்றனவே தவிர வண்டி நகரவில்லை. தண்ணீர் கதவு ஓரம் ஏறியது.

"கோயிலு, அந்த மூட்டையத் தூக்கி வீசுலே!" என்று பாய் கத்தினார். "கனம் கொறையட்டும்!"

கோயில்பிச்சை சாக்கில் கை வைத்தார்.

"அவனத் தூக்கித் தண்ணியில போடுதியளா?" என்றார் கதீஜா அம்மா. "நான் எறங்குதேன். அவன் இருக்கட்டும்."

"ஏட்டி, அது அரிசி!"

"தெரியும்."

நான் தண்ணீரில் இறங்கினேன். முதலில் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு பிரேக் ஹோஸைத் தடவிப் பார்த்தேன். வண்டியை உயர்த்தினால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். பழைய ஹோஸையே விட்டிருந்தால் அங்கேயே அறுந்திருக்கும். முதலாளி நீளமான ஹோஸ் மாட்டியிருந்தார். தளர்ச்சியாகத்தான் இருந்தது. பிரேக் இருக்கிறது என்று தெரிந்ததும் யோசிக்க முடிந்தது.

அந்த நேரத்தில் எல்லாரும் கனத்தைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குக் கனம் போதவில்லை என்று அர்த்தம். வலது பெஞ்சிலிருந்த சாக்கை இடது பெஞ்சில், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்கச் சொன்னேன். நூர்ஜகானை அதன் பக்கத்தில் ஒட்டி உட்காரச் சொன்னேன். கோயில்பிச்சையும் நானும் பின் பம்பரின் இடது மூலையில் ஏறி நின்றோம்.

"பைய, பாய். முடுக்காதிய. பைய விடுங்க."

சக்கரம் ஒருமுறை வெறுமனே சுற்றியது. அடுத்தது கல்லைப் பிடித்தது. வண்டி குலுங்கி மேலே ஏறியது.

கரை ஏறினோம். கோயில்பிச்சை சாக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சாகுல் தம்பி நேருல வந்திருந்தாக்கூட இவ்வளவு ஒழைச்சிருக்க மாட்டாரு."

அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

சாக்கின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. தோட்டத்து வீட்டில் அரிசியைப் பாயில் கொட்டிக் காயவைத்தார்கள். பிறகு வேலையாட்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார் அம்மா. எனக்கும் ஒரு பங்கு. அடுத்த சாக்கைக் கோயில்பிச்சை மண்டித் தராசில் நிறுத்துக் கட்டினார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மாதம் ஒரு சாக்கு. பழையது தோட்டத்தில் பங்காகும், புதியது பின் சீட்டில் ஏறும். எப்போதும் அறுபத்தெட்டு கிலோ.

வண்டி கிரீஸ் அடிக்க, யூ போல்ட் முறுக்க ஷெட்டுக்கு வரும். வரும்போதெல்லாம் சாக்கு இருக்கும். வளைவில் சாய்ந்துவிடாமல் ஒரு பழைய துண்டால் கட்டியிருப்பார்கள். அந்தத் துண்டு சாகுலுடையது என்று நூர்ஜகான் ஒருநாள் சொன்னாள். அவளுக்குக் கல்யாணமாகிக் கடையநல்லூர் போன பிறகு இடது பெஞ்சு காலியானது. அந்தக் கனத்துக்கு அவர்கள் எதையும் வைக்கவில்லை. கேட்டால், "அவ நெனச்சா பஸ் ஏறி வந்துருவா," என்றார் அம்மா.

லீவு கிடைக்கும் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் மகன் சொல்லி அனுப்புவான். பெருநாள் வரும். சாக்கு மாறும். நான் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு பின் பட்டைகளைப் பார்ப்பேன். வலது பட்டை இடதைவிட ஒரு பொட்டு இறங்கியிருக்கும், சாக்கு இருக்கும் பக்கம். ஆள் இல்லாத கனத்துக்கும் இரும்பு இறங்கத்தான் செய்கிறது.

இடையில் எங்கள் முதலாளி இறந்துபோனார். ஷெட்டை நான் பார்த்துக்கொண்டேன். சுவரில் அவர் காலத்துக் கோடுகள் அப்படியே இருந்தன. வெள்ளை அடிக்க வந்தவனை அந்தச் சுவரை விட்டுவிடச் சொன்னேன்.

நாலு வருஷம் இருக்கும், வண்டியை உயர்த்தி. ஒரு காலை ஜீப் வந்து நின்றது. எல்லாரும் இருந்தார்கள். பாய், அம்மா, கடையநல்லூரிலிருந்து வந்த நூர்ஜகான், கோயில்பிச்சை, துண்டு கட்டிய சாக்கு. சாக்குக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்து ஒரு வாலிபன்.

"தம்பி, எம் மவன் வந்துட்டான்," என்றார் அம்மா. "இனிமே சாக்கு வேண்டாம்லா? அத எடுத்துட்டு அவன் உக்காரட்டும். அளவு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

சாகுல் குதித்து இறங்கினான். பெரிய சட்டை, முழங்கை தாண்டி மடித்து விட்டிருந்தான். நல்ல வாசனை. வாய் ஓயாமல் பேசினான்.

"உம்மாவப் பாத்தியளா அண்ணாச்சி? மூணு நாளா மண்டி தராசுல ஏறு ஏறுன்னு ஒரே தொந்தரவு. நான் என்ன எலுமிச்சங்காயா? ஏற மாட்டேன்னுட்டேன். இப்ப இங்க கூட்டியாந்துட்டாவ."

"எளைச்சிருக்கான்," என்றார் அம்மா.

"எங்க எளைச்சேன்? அங்க தெனம் கோழி. சட்டதான் பெருசு. அங்கன அப்படித்தான் தைக்கான்."

பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். விஷயம் இதுதான். மகனுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசா வந்திருக்கிறது. அடுத்த மாதம் திரும்பிப் போக வேண்டும். அம்மா விடமாட்டேன் என்கிறார். அங்கே இவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, வெயிலில் வாட்டுகிறார்கள் என்று அவருக்கு எண்ணம். மகன் இல்லவே இல்லை என்கிறான்.

"எனக்கு யார நம்பன்னு தெரியலவே," என்றார் பாய். "போன கனத்தோடயே வந்திருந்தா போகட்டும். அதத்தான் வீட்டுலயும் சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா. இங்க வந்து பாப்போம்னு அவதான் சொன்னா."

பாய் மறுபடியும் ஏறியதும், ஆட்டிவிட்டு, சாக்கோடு அளந்து முதல் கோடு போட்டேன். பிறகு கோயில்பிச்சையும் நானும் துண்டை அவிழ்த்து சாக்கை இறக்கினோம். இறக்கும்போது சாகுல் ஒரு கை கொடுக்க வந்தான். குனிந்தபோது சட்டை முன்னால் தொங்கியது. பெல்ட்டின் வால் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் வரை போயிருந்தது. ஆணியால் குத்திய ஓட்டைகள்.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். சாக்கைச் சுவர் ஓரம் வைக்கிற சாக்கில் என் பக்கம் வந்தான்.

"அண்ணாச்சி," என்றான். இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "சரியா இருக்குன்னு சொல்லிருங்க. ரெண்டே வருசம். போயிட்டு வந்தா சொந்தமா ஒரு லாரி எடுத்துருவேன். ஒங்க ஷெட்டுக்குத்தான் கொண்டாருவேன். சத்தியமா."

"ஏறி உக்காருப்பா," என்றேன்.

மறுபடியும் ஏறியிருந்த கோயில்பிச்சைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சாக்கு இருந்த இடத்தில். கோயில்பிச்சை அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நூர்ஜகான் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பிகளே, இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. பம்பரை ஆட்டாமல் விட்டால் போதும். பட்டைகள் பிடித்துக்கொண்டு நிற்கும், கோடு பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே விழும். சுவர் வலது பக்கம் இருக்கிறது. அம்மா இடது பக்கம், முன் சீட்டில். அவருக்குக் கோடு தெரியாது. பாய்க்கும் நூலுக்குப் பதினைந்து கிலோ என்ற கணக்கு நினைவிருக்காது. ஒரு பையனுக்கு லாரி கிடைக்கும். அவன் கேட்டது தப்பும் இல்லை. அந்த வயசில் நானும் கேட்டிருப்பேன்.

"தம்பி," என்றார் அம்மா முன்னாலிருந்து. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "ஒங்க மொதலாளி அண்ணாச்சி இருந்தா எப்படி அளப்பாவளோ, அப்படி அளங்க."

நான் எழுந்து பின்னால் போனேன். பம்பரில் இரண்டு கையையும் வைத்தேன். சாகுல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அமுக்கினேன். வண்டி இறங்கி ஏறியது. மறுபடியும் அமுக்கினேன். பின் பெஞ்சில் மூன்று பேரும் ஆடினார்கள். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு குத்தவைத்து, விளிம்புக்கு நேராக இரண்டாவது கோட்டைப் போட்டேன். முதல் கோட்டுக்கு மேலே விழுந்தது. முதலாளியின் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்.

"எவ்வளவு?" என்றார் அம்மா.

எங்கள் ஷெட்டில் அளவைச் சத்தமாகத்தான் சொல்வோம்.

"ஒரு நூல்."